முகமூடியும் மௌனமும்: டியூரன்மாத்தின் ‘சந்தேகம்’

துப்பறியும் கதை என்றவுடன் படித்த கத்தோலிக்கர் பலர் முகம் சுளிப்பதுண்டு. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. பொழுது போக உதவும், புத்திக்கு ஒன்றும் தராது என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு. அதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் குற்றம், சாட்சியம், தீர்ப்பு, தண்டனை ஆகிய நான்கையும் கொண்டே இயங்கும் ஓர் இலக்கிய வகையை, மறையியல் பயின்ற எவரும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. திருவிவிலியத்தின் தொடக்க ஏடுகளிலேயே ஒரு கொலையும் ஒரு விசாரணையும் இடம்பெறுகின்றன அல்லவா? காயீனிடம் அவன் தம்பியைப் பற்றிக் கடவுள் கேட்ட கேள்வி, மனித இனம் எதிர்கொண்ட முதல் குற்ற விசாரணை எனலாம். அக்கேள்வியை நம் காலத்துக்கு இழுத்துவந்த ஒரு நாவலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் பிரீட்ரிக் டியூரன்மாத் (1921-1990) ஒரு புராட்டஸ்டண்டு போதகரின் மகன். நாடகாசிரியராக உலகப் புகழ் பெறுவதற்கு முன், குடும்பம் நடத்தப் பணம் தேவைப்பட்ட நாள்களில், ஒரு பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர்கதைகள் எழுதினார். அவற்றுள் இரண்டாவது ‘சந்தேகம்’. 1951-52-இல் தொடராக வந்து, 1953-இல் நூல் வடிவம் பெற்றது. அதை வெளியிட்டது ஐன்சீடெல்ன் நகரின் பென்சிகர் பதிப்பகம். பெனடிக்டன் துறவு மடமும் கறுப்பு மாதாவின் திருத்தலமும் அமைந்த அந்நகரில், தலைமுறைகளாகப் பக்தி நூல்களை வெளியிட்டுவந்த கத்தோலிக்க நிறுவனம் அது. ஆங்கிலத்தில் இந்நாவல் முதலில் ‘தி குவாரி’ என்றும், 2006-இல் வந்த மறு மொழிபெயர்ப்பில் ‘சஸ்பிஷன்’ என்றும் பெயர் பெற்றது. குற்றவாளி யார் என்பது பாதிக் கதைக்குள்ளாகவே தெரிந்துவிடுவதால், முடிவையும் சேர்த்தே இங்குப் பேசுகிறேன். இந்நூலின் பாரம் வேறிடத்தில் இருக்கிறது.

கதை 1948-ஆம் ஆண்டின் இறுதியில் நடக்கிறது. பெர்ன் நகரக் காவல்துறை இன்ஸ்பெக்டர் பேர்லாக் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இன்னும் ஓராண்டுதான் ஆயுள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் 1945-ஆம் ஆண்டின் பழைய ‘லைஃப்’ இதழ் ஒன்றைப் புரட்டுகிறார். டான்சிக் நகருக்கு அருகிலிருந்த ஸ்டுட்ஹோஃப் வதை முகாமில், நேலே என்னும் நாஜி மருத்துவன் மயக்க மருந்து தராமல் ஒரு கைதியை அறுக்கும் நிழற்படம் அதில் இருக்கிறது. மருத்துவனின் முகத்தை அறுவை முகமூடி மறைத்திருக்கிறது. அப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில், பேர்லாக்கின் நண்பரும் மருத்துவருமான ஹுங்கர்டோபலின் முகம் வெளிறிப்போகிறது. மாணவப் பருவத்தில் தம்முடன் பயின்ற எம்மன்பெர்கரின் சாயல் அப்படத்தில் தெரிகிறது. அந்த எம்மன்பெர்கரோ சூரிக் நகரில் செல்வந்தர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் உரிமையாளர். போர்க்காலம் முழுவதும் அவர் தென் அமெரிக்காவின் சீலே நாட்டில் இருந்தார் என்பதற்கு அச்சேறிய மருத்துவக் கட்டுரைகளே சாட்சி. நேலேயோ 1945-இல் ஹாம்பர்க்கில் நஞ்சுண்டு இறந்துவிட்டான். ஆகவே சட்டத்தின் கண்ணில் இது முடிந்துபோன வழக்கு.

முடிந்துபோன அவ்வழக்கைப் பேர்லாக் படுக்கையில் கிடந்தபடியே திறக்கிறார். அவருக்குக் கிடைக்கும் முதல் தடயம் இலக்கிய வாசகரை மகிழ்விக்கக்கூடியது. இளமையில் அழகாக எழுதத் தெரிந்த எம்மன்பெர்கர், சீலேயிலிருந்து அனுப்பிய கட்டுரைகளில் நடை தெரியாதவர்போல் எழுதியிருக்கிறார். நேலேயோ மொழிப் பாடங்களில் தேறாமல் போனவன். அப்படியானால் சீலேயில் இருந்து எழுதியவன் நேலே. முகாமில் கத்தியைப் பிடித்தவர் எம்மன்பெர்கர். இருவரும் பெயரை மாற்றிக்கொண்டார்கள். போர் முடிந்ததும் தம் பெயரைத் திரும்பப் பெறுவதற்காக எம்மன்பெர்கர் நேலேயைக் கொன்று, அது தற்கொலை எனத் தோன்றும்படி செய்துவிட்டார். சான்றிதழும் முத்திரையும் பொய் சொல்லும்போது வாக்கிய அமைப்பு உண்மை சொல்லிவிடுகிறது. எழுத்து நடையைக் கொண்டே ஒரு கொலைகாரனை அடையாளம் காணும் இப்பகுதி, நாவலின் மிக நேர்த்தியான பகுதியாகும்.

இது வெறும் கற்பனை என்று நினைப்போருக்கு வரலாறு வேறு விடை வைத்திருக்கிறது. டியூரன்மாத் இக்கதையை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வடஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் ஃபிரிட்ஸ் சவாடெ என்ற பெயரில் ஒரு மனநல மருத்துவர் தொழில் செய்துவந்தார். அவருடைய உண்மைப் பெயர் வெர்னர் ஹைடெ. மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் கொன்றொழித்த நாஜித் திட்டத்தின் மருத்துவத் தலைவராக இருந்தவர் அவர். அவர் யார் என்பதை அறிந்திருந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் வாய் திறக்கவில்லை. 1959-இல்தான் அவர் பிடிபட்டார். 1964-இல் விசாரணை தொடங்கவிருந்த வேளையில் தற்கொலை செய்துகொண்டார். அத்திட்டத்தின் ஆறு கொலைக்கூடங்களுள் ஒன்று பிர்னா நகரிலிருந்த சோனன்ஷ்டைன் மருத்துவமனை. 1940-41-இல் 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். நாவலில் எம்மன்பெர்கரின் சூரிக் மருத்துவமனைக்கு இடப்பட்டுள்ள பெயரும் சோனன்ஷ்டைன் என்பதே. சூரியக்கல் என்று பொருள்படும் இனிய பெயர். அதன் பின்னணியை அறிந்தவர்களுக்கு அது இனிக்காது.

நாவலுக்குத் திரும்புவோம். தம் சந்தேகத்தை உறுதிசெய்ய, பேர்லாக் ஒரு பணக்கார நோயாளியாக நடித்து, பொய்ப் பெயரில் அம்மருத்துவமனைக்குள் செல்கிறார். இங்குதான் டியூரன்மாத் சாதாரணத் துப்பறியும் எழுத்தாளர்களிடமிருந்து விலகுகிறார். பொய்ப் பெயரை வேட்டையாடுபவரும் பொய்ப் பெயருடன் போகிறார். அவருக்கு உதவும் கல்லிவர் என்னும் யூதரோ, முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் சேர்ந்து, பிணக் குவியலிலிருந்து ஊர்ந்து வெளியேறியவர். எந்த நாட்டின் ஏட்டிலும் அவர் உயிரோடு இல்லை. கல்லிவர் என்பதும் அவருடைய உண்மைப் பெயர் அன்று. கொலைகாரன் ஒருவனிடம்தான் இந்நூலில் ஒழுங்கான சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. போருக்குப் பின் நடுநிலை நாடு என்ற நற்பெயரோடு வாழ்ந்த சுவிட்சர்லாந்தை நோக்கி, ஒரு சுவிஸ் எழுத்தாளர் வைத்த கண்ணாடி இது.

பேர்லாக் தோற்றுப்போகிறார். எம்மன்பெர்கர் அவரை அடையாளம் கண்டு, மருந்தால் மயக்கிப் படுக்கையில் கிடத்திவிடுகிறார். அதற்கு முன்பே ஒரு துயரம் நிகழ்ந்துவிடுகிறது. ஃபோர்ச்சிக் என்னும் ஏழை எழுத்தாளர் பெர்னில் ஒரு சிறு பத்திரிகை நடத்திவந்தார். எம்மன்பெர்கரைக் கலங்கச் செய்வதற்காக, பெயர் குறிப்பிடாமல் ஒரு குற்றச்சாட்டுக் கட்டுரையை வெளியிடும்படி பேர்லாக் அவரைத் தூண்டினார். கட்டுரை வெளியானதும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் போகத் தாமதித்தார், கொல்லப்பட்டார். நியாயத்தின் பெயரால் ஒரு மனிதர் தூண்டில் புழுவாக்கப்பட்டார். கல்லிவரின் சாகசத்தில் மனம் பறிகொடுக்கும் வாசகர் பலர் ஃபோர்ச்சிக்கை மறந்துவிடுவது இயல்பு. நாவலாசிரியர் மறக்கவில்லை என்பதே என் எண்ணம். அடுத்து வரும் காட்சியை அவருடைய மரணத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்காட்சியே நூலின் உச்சம். காலை ஏழு மணிக்கு அறுவை என்று நாள் குறித்துவிட்டு, எம்மன்பெர்கர் தம் விசுவாசத்தை விளக்குகிறார். அவர் நம்புவது பருப்பொருளை, அதற்கடுத்துத் தம்மை. எல்லாமே தற்செயல் என்றால் நீதி என்பது அர்த்தமற்ற சொல். அடுத்தவனை வதைக்கும் அந்தக் கணத்தில் மட்டுமே மனிதன் முழு விடுதலை பெறுகிறான் என்பது அவருடைய மறை. பிறகு அவர் பேர்லாக்கிடம் ஒரு பேரம் பேசுகிறார். உமக்கும் இதற்கு ஈடான விசுவாசம் ஒன்று இருந்தால் அதைச் சொல்லும், உம்மை விட்டுவிடுகிறேன் என்கிறார். அடுத்தடுத்துக் கேட்கிறார், வற்புறுத்துகிறார், ஏறத்தாழக் கெஞ்சவும் செய்கிறார். பேர்லாக் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? இருவிதமாகப் படிக்க இடமுண்டு. விசுவாசத்தை இழந்த ஐரோப்பாவுக்குத் தீமையை எதிர்த்துச் சொல்ல ஒரு சொல்லும் மீதமில்லை. ஆகவே கொலைகாரனின் மறையே வென்றது என்று கொள்ளலாம். அல்லது, உயிருக்கு விலையாகச் சொல்லப்படும் விசுவாச அறிக்கை சந்தைச் சரக்காகிவிடும். எனவே பேச மறுத்ததே பேர்லாக்கின் வெற்றி என்றும் கொள்ளலாம். பிலாத்துவின் முன் ஆண்டவர் காத்த மௌனத்தை இங்கு நினைவுகூர நம் மனம் விரையும். அவ்வளவு விரைவு வேண்டாம் என்பேன். ஆண்டவர் மாசற்றவராக நின்றார். பேர்லாக்கின் கையிலோ ஃபோர்ச்சிக்கின் இரத்தம் இருக்கிறது. அவரும் பொய்ப் பெயரோடு வந்தவரே. அவரும் இன்னொரு மனிதரைக் கருவியாகப் பயன்படுத்தியவரே. எம்மன்பெர்கர் செய்ததற்கும் இதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. ஆயினும் அந்த இரவில் நியாயத்தைப் பற்றி உரக்கப் பேசும் தகுதி தமக்கில்லை என்பதை அம்முதியவர் உணர்ந்திருக்க வேண்டும். அடுத்தவன் யார் என்று தேடிப்போனவரிடம், நீ யார் என்ற கேள்வி திரும்பி வந்துவிட்டது. காயீனிடம் கேட்கப்பட்ட கேள்வி அவருக்கும் உரியதாயிற்று. தம் பங்கிற்கு அவர் பொய் விடை சொல்லவில்லை. இந்நூலில் அவர் செய்த மிக நேர்மையான செயல் அந்த மௌனமே என்று நான் கருதுகிறேன்.

விசுவாசம் பேசும் வாய் ஒன்று அம்மருத்துவமனையில் இருக்கத்தான் செய்கிறது. கிளேரி கிளவுபர் என்னும் செவிலி. ஜெர்மன் மொழியில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லே அவர் பெயரில் ஒலிக்கிறது. மரணமே வாழ்வின் இலக்கு என்று போதிக்கும் பக்திப் பிரசுரம் ஒன்றை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்தியோடேயே கொலைகாரனுக்குப் பணிவிடையும் செய்கிறார். நோயாளிகள் சாவதில் அவருக்குக் குழப்பமே இல்லை; இறைவனிடம்தானே போகிறார்கள்! இப்பாத்திரம் கேலிச்சித்திரமாகவே தீட்டப்பட்டுள்ளது என்பது உண்மை. ஏதோ ஒரு சிறு சபையைச் சேர்ந்த பெண் என்று நாம் தள்ளிவிடவும் கூடும். அப்படித் தள்ளிவிட வரலாறு நமக்கு இடந்தரவில்லை.

போருக்குப் பின் பொய்ப் பெயர் பூண்டு தப்பியோடிய குற்றவாளிகள் சிலருக்கு உதவியவர்களுள் நம் திருச்சபையின் பணியாளர்களும் இருந்தனர். உரோமை நகரில் ஜெர்மானியருக்கான குருத்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயர் அலாய்ஸ் ஹூடல் அத்தகைய உதவிகளைச் செய்தவர். அவர் மறைவுக்குப் பின் 1976-இல் வெளியான நினைவுக் குறிப்புகளில், அதை அவர் பெருமையாகவே பதிவு செய்திருக்கிறார். யூதப் படுகொலையை ஒழுங்கமைத்த அடால்ஃப் ஐக்மன், ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பெயரில் 1950-இல் ஜெனோவாவிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியபோது, அவருடைய பயண ஆவணத்துக்கான விண்ணப்பத்தில் ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் கையொப்பம் இருந்தது. அதே திருச்சபையில்தான் மியூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் அவுகுஸ்ட் வான் காலென், 1941 ஆகஸ்டு 3 அன்று மறையுரை மேடையில் நின்று, நோயாளிகள் கொல்லப்படுவதை ஊரறியக் கண்டித்தார். சோனன்ஷ்டைன் போன்ற இடங்களில் நடந்ததைத்தான் அவர் கண்டித்தார். 2005-இல் அவர் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். இரு ஆயர்களும் ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னவர்கள். ஒருவர் கொல்லப்படுவோரின் பக்கம் நின்றார். மற்றவர் கொன்றவர்களுக்கு வழி காட்டினார். சொல் ஒன்றாக இருக்க, நின்ற இடம் வேறாயிற்று.

டியூரன்மாத் தரும் விடையும் இதற்கு அருகில் வருகிறது. பேர்லாக் சொல்லாத விசுவாசத்தைக் கல்லிவர் செயலால் சொல்கிறார். மருத்துவமனையில் ஒரு குள்ளன் இருக்கிறான். எம்மன்பெர்கர் கொலைக் கருவியாக வளர்த்த அவனை முன்பு ஸ்டுட்ஹோஃப் முகாமில் சாவிலிருந்து காத்தவர் கல்லிவரே. இறுதியில் அவனை மீண்டும் தம்மோடு அழைத்துச் செல்கிறார். உலகம் முழுவதையும் தனியொருவன் மீட்க முடியாது. கைக்கு எட்டிய ஒருவனைக் காப்பாற்றலாம் என்பதே அவர் பேர்லாக்கிடம் விட்டுச்செல்லும் பாடம். நல்ல சமாரியன் உவமையை நன்கு அறிந்த நமக்கு இது புதிதன்று. எனினும் அதை ஒரு யூதரின் வாய்வழியாக, வதை முகாமின் நிழலில் கேட்பது வேறுவகை அனுபவம்.

நாவலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வில்லனின் சொற்பொழிவு நீளம். கதை அங்கே நின்றுவிடுகிறது. டாக்டர் மார்லோக் என்னும் பெண்ணின் வாழ்வு தனி நாவலுக்கு உரியது. பொதுவுடைமையில் நம்பிக்கை வைத்து, சோவியத் அதிகாரிகளாலேயே ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டு, முகாமில் நொறுங்கிப்போன அவரை ஆசிரியர் ஒரு வாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு விட்டுவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக முடிவு. மணி ஏழை நெருங்கும்போது கல்லிவர் எங்கிருந்தோ வந்து, எம்மன்பெர்கரை நஞ்சு விழுங்க வைத்து, பேர்லாக்கை மீட்கிறார். பழைய நாடகங்களில் மேலிருந்து இறங்கிவந்து முடிச்சை அவிழ்க்கும் தெய்வத்தை இது நினைவூட்டுகிறது. கலைக்குறை ஒருபுறமிருக்க, இதில் ஓர் அறக்குறையும் உண்டு. குற்றவாளி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. முகமூடி கழன்றதைக் கண்டவர்கள் இரண்டொருவரே. செத்தவர்களின் பெயர்கள் எங்கும் வாசிக்கப்படவில்லை. பழிவாங்குதல் நிறைவேறியது, சாட்சியம் நிறைவேறவில்லை.

நாவல் தர மறுத்ததை நிஜ வாழ்க்கை தாமதமாகவேனும் ஓரளவு தந்தது. ஸ்டுட்ஹோஃப் கற்பனை முகாம் அன்று. 1939 முதல் 1945 வரை ஏறத்தாழ 1,10,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். 60,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொலைக்குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்று மேற்கு ஜெர்மனி 1979-இல் சட்டம் இயற்றியது. அதன் பயனாக 2022 டிசம்பரில், அம்முகாமின் அலுவலகத்தில் இளம்பெண்ணாக இருந்தபோது தட்டெழுத்தாளராகப் பணியாற்றிய 97 வயது மூதாட்டி ஒருவர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தையாக இருந்தார் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 18, 19 என்பதால் வழக்கு இளையோர் நீதிமன்றத்தில் நடந்தது. தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறை மட்டுமே. இத்தனை வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களும் இருக்கலாம். ஆனால் முகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள் அந்த மன்றத்தில் வாய் திறந்து பேசினார்கள். அவர்கள் சொன்னது அரசின் ஏட்டில் ஏறியது. எம்மன்பெர்கரின் வாயில் திணிக்கப்பட்ட நஞ்சால் அதைச் செய்ய முடியவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. மன்னிப்பை வலியுறுத்தும் மறை நம்முடையது. ஆகவே பழைய கோப்புகளைக் கிளறுவது கிறிஸ்தவப் பண்பன்று என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தின் ஒழுங்கை நினைவுகூர்ந்தால் இம்மயக்கம் தீரும். அங்கே மன்னிப்புக்கு முன் அறிக்கை வருகிறது. செய்தவன் தன் பாவத்தைத் தனது என்று சொல்ல வேண்டும். இன்னொருவனின் பெயரில் அதைச் சொல்ல முடியாது. ஹைடெயைச் சுற்றியிருந்தவர்கள் காத்த மௌனம் இரக்கமாகாது. அது கொல்லப்பட்டவர்களை இரண்டாம் முறை புதைத்தது. ஒரே சொல்லால் நாம் குறிக்கும் மௌனத்தில், பேர்லாக்கின் மௌனம் ஒருவகை, அவர்களுடையது வேறுவகை. முன்னது தன் குற்றத்தை அறிந்த மனிதனுடையது. பின்னது பிறர் குற்றத்தை அறிந்தும் வசதிக்காக வாய்மூடியவர்களுடையது.

2020 மார்ச் 2 அன்று, திருத்தந்தை பிரான்சிஸின் ஆணைப்படி, பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆட்சிக்கால ஆவணங்கள் வத்திக்கானில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அக்காலத்தில் திருச்சபையினர் செய்தவையும் செய்யத் தவறியவையும் அப்பெட்டிகளில் இருக்கின்றன. நமக்குப் பெருமை தருபவையும் அவற்றில் இருக்கும். நாணம் தருபவையும் இருக்கும். திறக்கச் சொன்னவர் வெளியிலிருந்து வந்த எவரும் அல்லர், நம் திருத்தந்தையே. பேர்லாக்கின் படுக்கையருகே கேட்கப்பட்ட கேள்விக்கு நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று உரத்த குரலில் விடை சொல்கிறோம். திறந்த அந்தக் கோப்புகளின் முன் நின்றும் அதே விடையைச் சொல்லக் கூடுமானால், அது நம் விசுவாசம்தான்.